எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு மருந்து போடுங்கள்: தீக்காய வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தீக்காய வார்டில் முதல் வாரம் வேலை பார்க்கிற ஹவுஸ் சர்ஜனிடமும் ஸ்டாஃப் நர்ஸிடமும் நோயாளியின் வீட்டார் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. “சார், காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, நல்ல பவரா ஒரு ஊசி போட்டுடுங்க.” கேட்கிறவர் மேல் தப்பில்லை. உள்ளே படுத்திருப்பது அவருடைய மனைவி, அவருடைய பிள்ளை. ஆனால் இந்த வார்டில் பவரான ஊசி என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த நோயாளியின் புண்ணில் இருக்கிற இந்தக் கிருமியைக் கொல்லவும் வேண்டும், அது இருக்கிற இடம்வரை போய்ச் சேரவும் வேண்டும். அப்படிப்பட்ட மருந்துதான் அவருக்குப் பவரான மருந்து. சில சமயம் அது பழைய, மலிவான பென்சிலினாகவே இருக்கும்.

அந்த மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். தீக்காய வார்டில் புதிதாக டியூட்டி போடப்பட்டவர்களை மனதில் வைத்து எழுதுவதால் வார்டில் புழங்கும் சொற்களையே பயன்படுத்துகிறேன். வராண்டாவில் காத்திருக்கும் உறவினர்கள் படித்தாலும் புரியும். ஆனால் இதைப் பார்த்து யாரும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கட்டிலருகே நின்று நோயாளியைப் பார்க்கிற மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் புண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆழமாக வெந்த தோல் செத்த தோல். காய்ந்து விறைத்து, மேலே ஓடு போல ஒட்டிக்கொண்டிருக்கும். வார்டில் இதை எஸ்கார் என்பார்கள். அதற்குள் இருந்த ரத்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. கையில் ஏற்றுகிற ஆன்டிபயாடிக் ரத்தத்தோடுதான் போகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு அதுவும் போகாது. கிருமிக்கோ அங்கே ஈரம் இருக்கிறது, தின்னப் புரதம் இருக்கிறது, எதிர்க்க வெள்ளையணு வருவதில்லை. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் சொல்லப்போவதில் பாதி தன்னால் புரியும்.

தீப்பட்ட உடனே புண்ணின் மேல்பரப்பில் கிருமி அநேகமாக இருக்காது. சூடே கொன்றிருக்கும். மயிர்க்கால்களின் அடியிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் தப்பிப் பிழைத்த ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகள் (கிராம் சாயம் போட்டால் ஊதாவாகத் தெரிபவை) 48 மணி நேரத்துக்குள் மேலே பரவும். 5 முதல் 7 நாளுக்குள் அதே சாயத்தில் சிவப்பாகத் தெரியும் கிராம் நெகட்டிவ் கூட்டம் வந்து சேரும்: சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர். இவை நோயாளியின் குடலிலிருந்தும் வரும், நம் கையிலிருந்தும் வரும். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஓடினால் அதற்கப்புறம் கேன்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் தலைகாட்டும். அதனால் கேஸ் ஷீட்டைத் திறந்ததும் இன்று தீப்பட்ட எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். அந்த எண் பாதி வழியைச் சொல்லிவிடும்.

நோயாளி வந்து இறங்கும்போது புண்ணின் மேல் இட்லி மாவு, பேனா மை, டூத் பேஸ்ட், மஞ்சள் என்று ஏதாவது இருக்கும். பூசியவர்களைத் திட்டாதீர்கள், பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததைப் பூசியிருக்கிறார்கள். அதைக் கழுவி எடுத்தால்தான் புண்ணின் ஆழம் தெரியும். தீப்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்திருந்தால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுவது இன்னும் பயன் தரும். பெரிய காயமாக இருந்தால் உடம்பு ஜில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நாளே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஓர் ஆன்டிபயாடிக் ஏற்றலாமா? வேண்டாம். தீக்காயச் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: புதிய தீக்காயத்துக்கு முன்னெச்சரிக்கையாக ரத்தத்தில் ஆன்டிபயாடிக் ஏற்றக் கூடாது. முதல் நாள் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் எளிதில் சாகும் கிருமிகளைக் கொன்று, சாகாதவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. ஒரு வாரம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் அதன் விலை தெரியும்.

குடியிருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு வாரம் ஆன எந்தத் தீப்புண்ணில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் மாதிரி) எடுத்தாலும் ஏதாவது ஒரு கிருமி வளரும். கிருமி வளர்ந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் போடுவதில்லை. புண்ணின் மேல் குடியிருக்கிற கிருமிக்குத் தேவை நன்றாகக் கழுவுவதும் மேல்பூச்சும். உயிருள்ள திசுவுக்குள் இறங்கிய கிருமிக்குத்தான் ரத்தத்தில் மருந்து.

இறங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கட்டைப் பிரிக்கும்போது பாருங்கள். நேற்று இளஞ்சிவப்பாக இருந்த இடம் இன்று பழுப்பாகவோ கருநீலமாகவோ மாறியிருக்கிறதா? ஆறிக்கொண்டிருந்த மேலோட்டமான புண் திடீரென்று ஆழமாகிவிட்டதா? எஸ்கார் நாள் வருவதற்கு முன்பே கழன்று வருகிறதா? ஒட்டிய கிராஃப்ட் (வேறிடத்திலிருந்து எடுத்து வைத்த தோல்) கரைகிறதா? புண்ணைச் சுற்றிலும் நல்ல தோலில் சிவப்பும் சூடும் நாளுக்கு நாள் பரவுகிறதா? கட்டுத் துணியில் பச்சைக் கறையும் பழுத்த திராட்சை போன்ற இனிப்பு வாடையும் இருந்தால் சூடோமோனாஸைச் சந்தேகப்படலாம். ஆனால் பச்சைக் கறை அந்தக் கிருமி இருக்கிறது என்பதைத்தான் காட்டும், உள்ளே இறங்கிவிட்டது என்பதை அல்ல. தினமும் கட்டு மாற்றுகிற நர்ஸின் கண்ணும் மூக்கும் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் குறைந்தவை அல்ல. “நேத்து இப்படி இல்ல டாக்டர்” என்று சிஸ்டர் சொன்னால் போய்ப் பாருங்கள்.

காய்ச்சலை மட்டும் நம்ப முடியாது. பெரிய தீக்காயத்தில் உடம்பின் எரிபொருள் செலவே எகிறிக் கிடக்கும். 38.5 டிகிரி செல்சியஸ் அவருக்கு அன்றாட வெப்பமாகவே இருக்கலாம். நாடித்துடிப்பும் வெள்ளையணுவும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவும் எப்படியும் கூடியே இருக்கும். அதனால்தான் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007-இல் தீக்காய நோயாளிகளுக்கென்றே தனி அளவுகோல் வைத்தது. பெரியவர்களுக்கு வெப்பம் 39-க்கு மேல் அல்லது 36.5-க்குக் கீழ், நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போவது, செயற்கைச் சுவாசம் இல்லாதவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டுவது, முதல் மூன்று நாளுக்குப் பிறகு தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ் இறங்குவது, சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சர்க்கரை 200-ஐத் தாண்டுவது, வயிறு உப்பியோ பேதியாகியோ 24 மணி நேரத்துக்கு மேல் குழாய் உணவு ஏற்காமல் போவது. இவற்றில் மூன்று சேர்ந்தால் தொற்று எங்கே என்று தேடத் தொடங்குங்கள். தேடும்போது புண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நுரையீரல், சிறுநீர், கழுத்து ரத்தக் குழாயில் போட்ட லைன் எல்லாம் பட்டியலில் உண்டு.

சூடான டீ கொட்டி உடம்பில் ஐந்து சதவீதம்கூட வேகாத குழந்தை, இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, சோர்வு என்று வந்தால் புண் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் கக்கும் நச்சால் வரும் டாக்ஸிக் ஷாக் அப்படித்தான் தொடங்கும். சில மணி நேரத்தில் குழந்தை கைமீறிப் போய்விடும். வைரல் ஃபீவர் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாத இடம் இது.

ஸ்வாப் எடுக்கும் ஐந்து விநாடி

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆஸ்பத்திரியில் முதல் வாரமே ஸ்வாப் எடுக்கச் சொன்னார்கள். முப்பது வயதுப் பெண். ஸ்டவ் வெடித்துத் தொடையும் வயிறும் வெந்திருந்தன. கட்டைப் பிரித்து, வெள்ளை களிம்பின் மேலேயே பஞ்சுக் குச்சியை இழுத்து, குழாயில் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ‘கிருமி வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் நாள் அவருக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. ரத்த கல்ச்சரில், அதாவது ரத்தத்தை லேபில் வைத்துக் கிருமி வளர்த்துப் பார்த்ததில், சூடோமோனாஸ் வளர்ந்தது. நான் அனுப்பியது சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. கிருமியைக் கொல்லும் களிம்பில் கிருமி எப்படி வளரும்? அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கூடுதலாகப் பதினெட்டு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தார். அதற்குப் பிறகு கழுவாத புண்ணில் நான் ஸ்வாப் எடுத்ததே இல்லை.

எப்படி எடுப்பது? கட்டு மாற்றும் நேரத்தில், வலி மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு எடுங்கள். பழைய களிம்பு, அதன் மேல் படிந்த மஞ்சள் படலம், காய்ந்த சீழ் எல்லாவற்றையும் நார்மல் சலைனால் கழுவித் துடைத்து எடுங்கள். புதிய களிம்பு பூசுவதற்கு முன், டெட்டால், பீட்டாடின் எதுவும் படாத நிலையில், சந்தேகமாக இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தேங்கிய சீழிலோ செத்த ஓட்டின் மேலோ வேண்டாம். குச்சியைச் சலைனில் நனைத்து, ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் வைத்து, உள்ளிருந்து நீர் கசியும் அளவுக்கு அழுத்தி, ஐந்து விநாடி உருட்டுங்கள். லெவின் முறை என்று பெயர். வலிக்கத்தான் செய்யும். “அம்மா, ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, முடிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு எடுங்கள். அவர் எண்ணி முடிப்பதும் உங்கள் ஐந்து விநாடியும் ஒன்றாக முடியும்.

இரண்டு குச்சி எடுங்கள்: ஒன்று கிராம் சாயத்துக்கு, ஒன்று கல்ச்சருக்கு. அனுப்பும் சீட்டில் ‘புண் ஸ்வாப்’ என்று மட்டும் எழுதினால் லேபில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. ‘இடது தொடை முன்பக்கம், தீப்பட்ட 9-ஆம் நாள், 35 சதவீதம், மூன்று நாளாகப் பிப்பராசிலின்-டாசோபாக்டம் ஓடுகிறது’ என்று எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ராத்திரி லேப் மூடியிருக்கும் என்றால் கிருமியைக் காயாமல் வைத்திருக்கும் அமீஸ் ஊடகம் உள்ள குழாயில் போடுங்கள். எதுவும் போடாத வெறும் குழாயில் காலைவரை கிடந்த பஞ்சில் வளர்வதை நம்பி மருந்து முடிவு செய்ய முடியாது.

ஆனால் ஸ்வாப் மேலே இருப்பதைத்தான் சொல்லும். உள்ளே இறங்கியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது திசுத் துண்டு. எஸ்காரும் அதற்கடியில் உள்ள உயிருள்ள திசுவும் சேர்ந்து வருமாறு சர்ஜன் வெட்டிக் கொடுப்பார். அதை இரண்டாக்குங்கள். ஒரு பாதி சலைன் போட்ட சுத்தமான பாட்டிலில் மைக்ரோபயாலஜிக்கு, மறு பாதி ஃபார்மலினில் பெத்தாலஜிக்கு. அவசரத்தில் இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் எதுவும் வளராது. நோயாளியை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். ஒரு கிராம் எடையுள்ள திசுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி என்றால் சந்தேகம் வலுக்கும். உயிருள்ள திசுவுக்குள் கிருமி கிடப்பதை மைக்ராஸ்கோப்பில் பெத்தாலஜிஸ்ட் பார்த்துவிட்டால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

செப்சிஸ் (தொற்றால் உடம்பின் உறுப்புகளே தடுமாறும் நிலை) சந்தேகம் என்றால் ரத்த கல்ச்சரும் கட்டாயம். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து, முடிந்தவரை வேகாத தோல் வழியாக, பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. குறைவாக எடுத்தால் கிருமி தப்பிவிடும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் ஏறுவதற்கு முன் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வரும்வரை என்ன செய்வது?

கிராம் சாயம் அன்றைக்கே வரும். லேபுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், கேட்டால் சொல்வார்கள். கொத்துக் கொத்தாக ஊதா உருண்டை என்றால் ஸ்டாஃபைலோகாக்கஸ் பக்கம், சிவப்புக் குச்சிகள் என்றால் கிராம் நெகட்டிவ் பக்கம். கிருமி வளர்ந்து தெரிய 18 முதல் 24 மணி நேரம், எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய இன்னும் ஒரு நாள். மொத்தம் இரண்டு மூன்று நாள்.

நோயாளி நிலையாக இருக்கிறார், புண் மட்டும்தான் கவலை என்றால் கழுவி, மேல்பூச்சு மாற்றி, காத்திருக்கலாம். ரத்த அழுத்தம் விழுகிறது, நினைவு தடுமாறுகிறது என்றால் காத்திருக்க நேரமில்லை. கல்ச்சர் எடுத்த கையோடு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? தீப்பட்ட நாள் எத்தனை, இதே நோயாளியின் பழைய கல்ச்சரில் என்ன வளர்ந்தது, நம் வார்டில் சாதாரணமாக என்ன வளர்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்வது வார்டின் ஆன்டிபயோகிராம். ஓராண்டில் நம் வார்டில் வளர்ந்த கிருமிகளில் எத்தனை சதவீதம் எந்த மருந்துக்குச் செத்தன என்ற அட்டவணை. மைக்ரோபயாலஜித் துறையில் கேட்டு வாங்கி நர்ஸ் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு கிருமிக்கு முப்பது மாதிரியாவது இருந்தால்தான் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தம் உண்டு. வேறு ஊர் ஆஸ்பத்திரியின் அட்டவணையோ வெளிநாட்டுப் பாடப்புத்தகமோ இதற்கு ஈடாகாது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதி உள்ள கிருமிகளைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வு, சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளையும் வைத்து எழுதப்பட்டது. நம்மூர் நிலவரத்தை நம்மூர் லேப்தான் சொல்ல முடியும்.

ரிப்போர்ட்டை வாசிப்பது

ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். நான் கற்பனையாக எழுதியதுதான், ஆனால் இந்த மாதிரி நிஜமாகவே வரும். ‘சூடோமோனாஸ் ஏருஜினோசா. செஃப்டாசிடிம் 4, எஸ். சிப்ரோஃப்ளாக்சசின் 1, ஐ. மெரோபீனம் 8, ஆர்.’

எஸ் என்றால் வழக்கமான டோஸில் சாகும். ஆர் என்றால் சாகாது. ஐ என்றால் நடுவில். மருந்துக்கு மருந்து அர்த்தம் மாறும், லேபைக் கேட்காமல் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் எண், கிருமி வளர்வதை நிறுத்தத் தேவைப்பட்ட மருந்தின் குறைந்தபட்ச அளவு. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, எண் சிறியதாக இருக்கும் மருந்தை எடுப்பது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 1, செஃப்டாசிடிமுக்கு 4, ஆக சிப்ரோதான் நல்லது என்று தோன்றும். தப்பு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. செஃப்டாசிடிமுக்கு 8 வரை எஸ், சிப்ரோவுக்கு 0.5-ஐத் தாண்டினாலே எஸ் கிடையாது. ஒரு மருந்தின் எண்ணை அதன் சொந்தக் கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பெரிய மருந்து’ என்று வார்டே நினைக்கும் மெரோபீனம் இங்கே ஆர், அதைவிடப் பழைய செஃப்டாசிடிம் எஸ். அச்சுப்பிழை இல்லை. மெரோபீனம் சூடோமோனாஸுக்குள் நுழைவது அதன் சுவரில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரத வாசல் வழியாக. கிருமி அந்த வாசலை மூடிவிட்டால் மெரோபீனம் வெளியே நிற்கும். வேறு வழியாக நுழையும் செஃப்டாசிடிம் எப்போதும் போல உள்ளே போகும். இந்த நோயாளிக்குப் பவரான ஊசி செஃப்டாசிடிம்தான். ஸ்வாப் எடுக்காமல் மெரோபீனம் ஏற்றியிருந்தால் மூன்று நாள் வீணாகியிருக்கும்.

சில கிருமிகள் சில மருந்துகளுக்குப் பிறவியிலேயே அடங்காதவை. சூடோமோனாஸிடம் செஃப்ட்ரியாக்சோன், எர்டாபீனம், டிகெசைக்ளின் எடுபடாது. புரோட்டியஸும் செர்ரேஷியாவும் கொலிஸ்டினுக்குச் சாகா. கொலிஸ்டினைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை: காகித வட்டு வைத்துச் செய்யும் சோதனையில் அதன் முடிவை நம்ப முடியாது. அந்த வட்டு முடிவை ரிப்போர்ட்டில் கண்டால் மைக்ரோபயாலஜிஸ்டிடம் பேசுங்கள்.

ஸ்டாஃபைலோகாக்கஸ் என்றால் முதலில் செஃபாக்சிட்டின் வரியைத் தேடுங்கள். அது எஸ் என்றால் செஃபசோலின் அல்லது க்ளாக்சாசிலின் போதும். வான்கோமைசினைவிட அவை நன்றாகவே கொல்லும். ஆர் என்றால் அது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ். அப்போது வழக்கமான பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் ரிப்போர்ட்டில் எப்படி இருந்தாலும் பயனில்லை. வான்கோமைசின், டெய்கோப்ளானின், லினிசோலிட் பக்கம் போக வேண்டும். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தபோது, காயம்பட்டவர்களுக்காக நியூ ஜெர்சியிலிருந்து பென்சிலின் திரவத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்தார்கள். அன்று பென்சிலினுக்குச் செத்த ஸ்டாஃபைலோகாக்கஸ் இன்று பெரும்பாலும் சாவதில்லை. ஆனால் கிராஃப்டையே கரைத்துவிடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் இன்றும் பென்சிலினுக்கு அடங்கித்தான் கிடக்கிறது. நச்சு கக்குகிறது என்ற சந்தேகம் இருந்தால் க்ளின்டாமைசினையும் சேர்ப்பார்கள்.

கிளெப்சியெல்லாவில் செஃப்ட்ரியாக்சோன் ஆர், மெரோபீனம் எஸ் என்றால் மெரோபீனம். அதுவும் ஆர் என்றால் எந்த நொதி என்று லேபைக் கேளுங்கள். ஆக்ஸா-48 என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம், என்.டி.எம் என்றால் அதோடு அஸ்ட்ரியோனாமும் சேர வேண்டும். அசினெட்டோபாக்டர்தான் தீக்காய வார்டின் தீராத தலைவலி. மெரோபீனமும் ஆர் ஆகிவிட்டால் அதிக டோஸ் சல்பாக்டம், மினோசைக்ளின், பாலிமிக்சின் என்று மிஞ்சியவற்றைச் சேர்த்துப் போராட வேண்டியிருக்கும். அந்த முடிவைத் தனியாக எடுக்காதீர்கள்.

மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும்

சரியான மருந்தைக் கண்டுபிடித்தும் நோயாளி தேறவில்லை என்றால் உடனே மருந்தை மாற்றாதீர்கள். எஸ்கார் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். யுகோஸ்லாவியாவின் மாரிபோரில் வேலை பார்த்த ஸோரா யான்சேகோவிச் என்ற பெண் சர்ஜன், வெந்த தோலைச் சில நாளுக்குள் ரத்தம் கசியும் உயிருள்ள அடுக்குவரை சீவி எடுத்து உடனே கிராஃப்ட் வைக்கும் முறையை 1970-இல் எழுதி உலகுக்குக் காட்டினார். கிருமி குடியிருக்கும் வீட்டையே அப்புறப்படுத்துகிற முறை அது. இன்றைக்கும் அதற்கு நிகரான ஆன்டிபயாடிக் கிடையாது. ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பது நோயாளிக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

மேல்பூச்சுகளில் சில்வர் சல்ஃபாடயசின் எஸ்காருக்குள் அதிகம் இறங்காது. மாஃபெனைட் இறங்கும், ஆனால் எரியும், ரத்தத்தில் அமிலமும் கூடலாம். சூடோமோனாஸ் பிடித்த புண்ணை நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் நனைப்பது பழைய முறை, இன்றும் கைகொடுக்கிறது.

அடுத்தது டோஸ். முதல் 48 மணி நேரம் தாண்டியதும் பெரிய தீக்காய நோயாளியின் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியே தள்ளும். உடம்பில் நீர் கோத்து மருந்து நீர்த்துப்போகும். புண் வழியாகவும் கசியும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.5 என்று பார்த்ததும் ‘சிறுநீரகம் நன்றாக இருக்கிறது’ என்று நகர்ந்துவிடாதீர்கள். வழக்கமான டோஸ் அவருக்குப் போதாமல் போகலாம் என்பதற்கு அதுவே அறிகுறி. மெரோபீனத்தை அரை மணியில் விடாமல் மூன்று மணி நேரமாகவும், பிப்பராசிலின்-டாசோபாக்டத்தை நான்கு மணி நேரமாகவும் ஏற்றினால் ரத்தத்தில் அளவு நின்று பேசும். முதல் டோஸை மட்டும் வேகமாகவே கொடுத்துவிடுங்கள். வான்கோமைசினுக்கு முதல் டோஸ் எடையின் கிலோவுக்கு 25 முதல் 30 மில்லிகிராம். அப்புறம் ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் தொடர வேண்டும். நர்ஸ்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்று மணி நேரம் ஓட வேண்டிய மருந்து, லைன் அடைத்து ஒன்றரை மணியில் நின்றால் அதைச் சார்ட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நாங்கள் அடுத்ததற்குத் தாவிவிடுவோம்.

புகையைச் சுவாசித்து நுரையீரலும் கெட்டிருக்கிறவருக்கு நிமோனியா வந்தால் டாப்டோமைசின் போடக் கூடாது. நுரையீரலில் உள்ள பசை அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

குறைப்பது, நிறுத்துவது

48 முதல் 72 மணி நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஆரம்பித்த மருந்துகளை வரிசையாக எழுதி, தேவையில்லாததை அன்றைக்கே அடியுங்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. எங்கேயும் வளரவில்லையா, வான்கோமைசினை நிறுத்துங்கள். நிறுத்தும் தேதியை ஆரம்பிக்கும் நாளிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுவது நல்ல பழக்கம். பெரும்பாலும் ஒரு வாரம் போதும். ரத்தத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்திருந்தால் குறைந்தது 14 நாள். ரத்தம் சுத்தமாகிவிட்டதா என்று திரும்பவும் கல்ச்சர் எடுக்க வேண்டும், பழைய லைனையும் எடுத்துவிட வேண்டும். புண் முழுக்க ஆறும்வரை ஆன்டிபயாடிக் ஓட வேண்டியதில்லை. நன்றாகத் தேறிவிட்ட நோயாளியின் புண்ணில் மறுபடி ஸ்வாப் எடுத்து, ஏதோ வளர்ந்துவிட்டது என்று திரும்ப ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கையைத் தேயுங்கள். அசினெட்டோபாக்டர் காய்ந்த கட்டில் கம்பியிலும் பி.பி. கருவியின் பட்டையிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரே பட்டையை எல்லா நோயாளிக்கும் சுற்றுகிற வார்டில் எந்த மருந்து போட்டும் அது போகாது.

கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியிலோ மாற்றல் கடிதத்திலோ ‘ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்த இடத்திலிருந்து, எந்தக் கிருமி வளர்ந்தது, எதற்குச் செத்தது, எது எத்தனை நாள் ஓடியது, எப்போது நின்றது என்று எழுதி, கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் பின் அடித்து வீட்டாரின் கையில் கொடுங்கள். “இந்தத் தாளைப் பத்திரமா வச்சுக்குங்க, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். விழுப்புரத்திலிருந்து சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் போய்ச் சேருகிற நோயாளிக்காக அங்கே டியூட்டியில் இருக்கிற டாக்டர் முதல் டோஸை முடிவு செய்யும்போது அவர் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.